துருவ வானத்து மின்னோட்டத்தைச் செய்மதி எப்படிக் கணிக்கிறது?

கல்முனையிலிருந்து உயர்தர மாணவர் ஒருவர் கேட்டது: "செய்மதியில் இருப்பது காந்தமானி மட்டும்தானே, பிறகு மின்னோட்டத்தை எப்படிச் சொல்கிறார்கள்?"

நீங்கள் பௌதிகவியலில் படிக்கும் அம்பியரின் விதிதான். ஒரு மூடிய பாதையைச் சுற்றிக் காந்தப்புலத்தைக் கூட்டினால், அதனூடே பாயும் மின்னோட்டம் கிடைக்கும்.

2013 நவம்பரில் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய மூன்று ஸ்வார்ம் செய்மதிகளில் இரண்டு, சுமார் 450 கிலோமீற்றர் உயரத்தில் அருகருகே பறக்கின்றன. ஒவ்வொன்றும் சில வினாடி இடைவெளியில் எடுத்த இரண்டு அளவீடுகளைச் சேர்த்தால் நான்கு மூலைகள், ஒரு நாற்கரம்: இதுதான் அந்த மூடிய பாதை. அதற்கு முன் புவியின் சொந்தப் புலத்தைக் கழிக்க வேண்டும். அது துருவத்தில் பல்லாயிரம் நனோதெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு). மின்னோட்டத்தின் பங்கோ பெரும்பாலும் சில நூறுதான். கழித்தலில் பிசகினால் எல்லாம் பிசகும்.

இப்படிக் கிடைப்பது காந்தக் கோடுகள் வழியே இறங்கி ஏறும் மின்னோட்டம், 1908-இல் நோர்வே பௌதிகவியலாளர் பேர்க்லாண்ட் ஊகித்தது. துருவத்துக்கு மிக நெருக்கத்தில் இரு பாதைகளும் வெட்டிக்கொள்வதால் நாற்கரம் சுருங்கி, கணக்கு உதவாது.

சுமார் 110 கிலோமீற்றர் உயரத்தில் கிடையாகப் பாயும் மின்னோட்டமோ செய்மதிக்குக் கீழே கிடக்கிறது, நாற்கரத்துக்குள் வராது. அந்த உயரத்தில் பல மின்னோட்டக் கோடுகள் இருப்பதாக எடுத்து, அளந்த புலத்துக்குப் பொருந்தும்வரை அவற்றின் அளவைத் திருத்துவார்கள். இது அனுமானம்தான், ஆனால் நல்ல அனுமானம்.

அப்புறம், புவியின் காந்தப்புலம் கிடையாக இருக்கும் காந்த நடுக்கோடு நமக்கும் பக்கம். பகலில் மட்டக்களப்பு, அம்பாறை வானிலும் ஏறத்தாழ இதே உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது.