பட்ஜெட் ஏர்லைனில் விமானி ஆவது: கேளுங்கள், சொல்கிறேன்

ஏர்பஸ் ஏ320 ரக ஜெட் விமானத்தில் கேப்டனாக இருக்கிறேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பட்ஜெட் ஏர்லைன்தான். புதிதாக வருபவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்குவதும் என் வேலையில் அடக்கம். மாணவர்கள், பெற்றோர், இருக்கும் வேலையை விட்டுவிட்டு வர நினைப்பவர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். விதிகள் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, பள்ளிப்படிப்பு முடியப்போகிறது. பயிற்சிப் பள்ளிகள் பலவற்றிலிருந்து கூப்பிடுகிறார்கள். எதில் சேருவது?

இப்போதைக்கு எதிலும் சேராதே தம்பி. முதலில் கிளாஸ் 1 மெடிக்கல், அதாவது விமானிகளுக்கான உடல்தகுதிச் சான்று எடு. இதயம், காது, கண், நிறப் பார்வை எல்லாம் பார்ப்பார்கள். பாதிப் பணத்தைக் கட்டிய பிறகு நிறப் பார்வையில் குறை என்று தெரியவருவதைப் போன்ற கொடுமை இந்தத் துறையில் வேறில்லை.

அது கையில் வந்த பிறகு பள்ளியைத் தேடு. வணிக விமானி உரிமத்துக்கு சர்வதேச அளவில் குறைந்தபட்சம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் படிப்பு என்றால் 150 போதும். அதோடு ரேட்டிங் எனப்படும் கூடுதல் தகுதிகளும் வேண்டும்: இரட்டை என்ஜின் ரேட்டிங், மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், இவற்றோடு ஆங்கிலப் பேச்சில் குறைந்தது நாலாம் நிலை. பள்ளிக்குப் போனால் வரவேற்பறையில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்க்காதே. ஓடுபாதைப் பக்கம் போய், எத்தனை விமானங்கள் பறக்கும் நிலையில் இருக்கின்றன, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேள். விமானம் பழுதாகி மாதக்கணக்கில் காத்திருக்கும் மாணவர்களிடம் பேசினால் உண்மை தெரிந்துவிடும்.

கேள்வி: வெறும் 200 மணி நேரத்தில் 180 பேர் உட்கார்ந்த ஜெட்டை ஓட்ட விடுகிறார்களா? கேட்கவே பயமாக இருக்கிறதே.

விடுகிறார்கள். ஆனால் தனியாக அல்ல. இடது பக்கம் ஒரு கேப்டன் இருப்பார். ஐரோப்பா, ஆசியா நாடுகள் பலவற்றில் இதுதான் நடைமுறை. அமெரிக்காவில் மட்டும் கதை வேறு. 2009-ல் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்த பிறகு சட்டம் மாறியது. 2013 முதல் அங்கே துணை விமானிக்கும் பொதுவாக 1500 மணி நேரம் வேண்டும். ராணுவத்தில் பறந்தவர்களுக்கும் விமானப் பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கும் கொஞ்சம் சலுகை உண்டு. அதனால் அங்கே பலரும் பயிற்சியாளராகவே சில வருடம் ஓட்டி மணி நேரம் சேர்க்கிறார்கள்.

எது சரி என்று விமானிகளுக்குள்ளேயே சண்டை உண்டு. என் கருத்தைக் கேட்டால், ஒரே வயலுக்கு மேல் சின்ன விமானத்தில் ஆயிரம் மணி நேரம் சுற்றியவரைவிட, சிமுலேட்டரில் ஒழுங்காக வாட்டி எடுக்கப்பட்ட 200 மணி நேரக்காரர் ஜெட்டுக்குச் சீக்கிரம் பழகுகிறார். அந்தப் பயிற்சி ஒழுங்காக நடந்திருந்தால்தான்.

கேள்வி: என் மகளுக்கு ஒரு பட்ஜெட் ஏர்லைனில் வேலை கிடைக்கும்போல இருக்கிறது. டிக்கெட்டே இவ்வளவு மலிவு என்றால் பராமரிப்பிலும் பயிற்சியிலும் கை வைக்க மாட்டார்களா மேடம்?

உங்கள் கவலை நியாயம்தான் அம்மா. ஆனால் மிச்சம் பிடிக்கும் இடம் வேறு. உரிமம், பராமரிப்பு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் சிமுலேட்டர் சோதனை, இதெல்லாம் எல்லா நிறுவனத்துக்கும் ஒரே சட்டம். அதில் கை வைத்தால் பறக்கும் அனுமதியே போய்விடும்.

மிச்சம் பிடிப்பது தரையில் நிற்கும் நேரத்தில். அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் 1971-ல் பறக்கத் தொடங்கியது. அடுத்த வருடமே பணமுடை. இருந்த நாலு விமானத்தில் ஒன்றை விற்க வேண்டி வந்தது. நாலு விமானத்தின் அட்டவணையை மூன்றை வைத்தே ஓட்ட வேண்டுமே! பத்து நிமிடத்தில் ஆட்களை இறக்கி ஏற்றிப் புறப்படுவது அப்படித்தான் பிறந்தது. ஒரே ரக விமானத்தை வைத்துக்கொள்வதும் இதே கணக்குதான். எல்லா விமானியும் எல்லா விமானத்தையும் ஓட்டலாம், உதிரி பாகமும் ஒன்றே.

இப்போது 25 நிமிடம், 30 நிமிடம் என்பது சாதாரணம். அந்த அரை மணி நேரம்தான் உங்கள் மகளின் உண்மையான வேலை இடம். பயணிகள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் கீழே இறங்கி விமானத்தைச் சுற்றி வருவார். டயர் தேய்ந்திருக்கிறதா, பிரேக் தேய்மானம் காட்டும் ஊசி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, என்ஜின் விசிறி இதழில் அடி பட்டிருக்கிறதா, எங்கேயாவது எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். மேலே இருப்பவர் அடுத்த பயணத்தின் வழியையும் வானிலையையும் கணினியில் ஏற்றுவார். எரிபொருள் எவ்வளவு என்று முடிவாகும், விமானத்தின் எடைக் கணக்கான லோட் ஷீட் வரும், புறப்படும் வேகங்களைக் கணக்கிட்டு இரண்டு பேரும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். இதற்கு நடுவில், சக்கர நாற்காலி வரவில்லை என்று கேபினிலிருந்து ஒருவர் எட்டிப் பார்ப்பார்.

இவ்வளவும் முடிந்தும் கிளம்ப முடியாமல் போகலாம். ஏ320-ல் பிரேக் சூடு 300 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தால் புறப்படக் கூடாது. குட்டையான ஓடுபாதையில் அழுத்திப் பிடித்து நின்றிருந்தால், எல்லாரும் பெல்ட் போட்டுத் தயாராக இருந்தாலும் பிரேக் ஆறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அட்டவணை துரத்தும்போது "இல்லை, காத்திருக்கலாம்" என்று சொல்லத் தெரிகிறதா என்பதைத்தான் நான் புதியவர்களிடம் முதலில் பார்ப்பேன்.

கேள்வி: கண்ணாடி போட்டவர்கள் விமானி ஆகலாமா?

ஆகலாம். கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். பறக்கும்போது இன்னொரு ஜோடியும் கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: டைப் ரேட்டிங் செலவை நானே கட்ட வேண்டும் என்கிறார்கள். சிலர் பாண்ட் என்கிறார்கள். எது நல்லது?

இதுதான் இந்த உத்தியோகத்திலேயே முக்கியமான கேள்வி. ஆனால் எல்லாரும் விமானத்தின் நிறத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம்தான் இதைக் கேட்கிறார்கள்.

உரிமம் இருந்தால் மட்டும் ஜெட் ஓட்ட முடியாது. ஏ320, போயிங் 737 என்று அந்தந்த ரகத்துக்குத் தனித் தகுதி வேண்டும். அதுதான் டைப் ரேட்டிங். அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதில் மூன்று வழி உண்டு. நிறுவனமே கட்டிவிட்டு, இத்தனை வருடம் விலகக் கூடாது என்று பாண்ட் எழுதி வாங்கும். அல்லது சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும். அல்லது முழுவதையும் நீங்களே முன்கூட்டியே கட்ட வேண்டும். பட்ஜெட் ஏர்லைன்களில் கடைசி இரண்டும்தான் அதிகம்.

பாண்ட் என்றால் பயப்பட வேண்டாம். ஆனால் வரிவரியாகப் படியுங்கள். பாக்கித் தொகை மாதாமாதம் குறைகிறதா, அல்லது கடைசி நாள்வரை முழுத்தொகையா? நிறுவனமே ஆட்குறைப்பு செய்தால் யார் கட்டுவது? மெடிக்கல் போய்விட்டால்? பயிற்சியில் தோற்றால்? பாண்ட் எந்த நாளிலிருந்து ஓடுகிறது, சேர்ந்த நாளா, பயிற்சி முடிந்த நாளா? இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தை செல்லாது.

சம்பளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாதத்துக்கு நிச்சயமாகக் கிடைப்பது எவ்வளவு, பறந்தால் மட்டும் கிடைப்பது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். சீசன் மந்தமாகிப் பறப்பது பாதியானால் வருமானமும் பாதியாகிவிடும் ஒப்பந்தங்கள் இருக்கின்றன. 2020-ல் விமானங்கள் தரையில் நின்றபோது இந்த வித்தியாசம் எல்லாருக்கும் புரிந்தது.

ஒன்றை மட்டும் தொடவே தொடாதீர்கள். பயணிகள் உட்கார்ந்த விமானத்தில் துணை விமானியாக வேலை செய்ய, நீங்களே மணி நேரத்துக்குப் பணம் கட்டும் திட்டம். வேலை செய்துவிட்டுக் கூலி கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

கேள்வி: தேர்வில் சிமுலேட்டரில் உட்கார வைப்பார்களாமே. நான் ஜெட் ஓட்டியதே இல்லை, என்ன பார்ப்பார்கள்?

அழகாக ஓட்டுகிறீர்களா என்று யாரும் பார்ப்பதில்லை. முதல் பத்து நிமிடம் எல்லாருக்கும் ஊசி ஆடும். இரண்டாவது முயற்சி முதலாவதைவிடத் தேறியிருக்கிறதா, சொன்னதைக் காதில் வாங்குகிறீர்களா, உயரம் தப்பும்போது வாய்விட்டுச் சொல்லித் திருத்துகிறீர்களா, பக்கத்தில் இருப்பவரிடம் வேலையைப் பகிர்கிறீர்களா, இவைதான் மதிப்பெண். என்ஜினை அணைத்துவிட்டால் உடனே கையை நீட்டி எதையாவது இழுப்பவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். முதலில் விமானத்தை நேராகப் பிடியுங்கள். மற்றதற்கு நேரம் இருக்கிறது.

போவதற்கு முன் சாதாரண சிமுலேட்டரில் கருவிப் பறத்தலைக் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். பறந்து ஆறு மாதம் ஆகியிருந்தால் இது கட்டாயம்.

கேள்வி: பட்டப்படிப்பு தேவையா?

உரிமத்துக்குத் தேவையில்லை. சில நிறுவனங்கள் கேட்கின்றன. மெடிக்கல் போனால் கைகொடுக்கும் என்பதால் தபாலிலாவது படித்து வையுங்கள்.

கேள்வி: சேர்ந்த பிறகு முதல் தடவை பயணிகளோடு இறங்குவது எப்படி இருக்கும்?

அதற்கு முன் நிறைய இருக்கிறது. முதலில் பாட வகுப்பு, பிறகு அசையாத காக்பிட், பிறகு கால்களில் நின்று ஆடும் முழு சிமுலேட்டர். அதில் ஒரு வகுப்பு பொதுவாக நாலு மணி நேரம், பாதி நீங்கள், பாதி உங்கள் ஜோடி. தேர்வு முடிந்ததும் காலி விமானத்தில் நாலு முதல் ஆறு முறை இறங்கி ஏறுவீர்கள். அதன் பிறகுதான் பயணிகள். ஆரம்ப நாட்களில் காக்பிட்டின் பின் இருக்கையில் தகுதி பெற்ற இன்னொரு விமானியும் காவலுக்கு இருப்பார்.

இறங்குவது என்று வந்தால், மணிக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர் வேகத்தில் தரை எழுந்து வரும். விமானமே உயரத்தைச் சொல்லும்: ஐம்பது, நாற்பது, முப்பது. ஏ320-ல் முப்பது அடிக்குக் கீழே கணினி மூக்கை மெல்லக் கீழே தள்ளத் தொடங்கும், நீங்கள் கட்டுப்பாட்டுக் குச்சியைப் பின்னால் இழுத்தே ஆக வேண்டும் என்பதற்காக. இருபது அடியில் "ரிடார்ட்" என்று குரல் வரும். திராட்டிலை, அதாவது என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை, மூடு என்று அர்த்தம். புதியவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் மூக்குக்கு நேர் கீழே உள்ள தரையைப் பார்ப்பார்கள், அதனால் சீக்கிரமே இழுத்துவிடுவார்கள், விமானம் மிதந்துகொண்டே போகும். ஓடுபாதையின் மறுகோடியைப் பாருங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் கண் கீழேதான் போகும், பழகப் பழகத்தான் சரியாகும். மெத்தென்று இறங்குவதைவிடக் குறித்த இடத்தில் இறங்குவதுதான் எங்களுக்கு முக்கியம்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை தடவை பறக்க வேண்டும்? வீட்டுக்கு வர முடியுமா? கல்யாணம் ஆகி ஒரு வருடம்தான் ஆகிறது.

பெரும்பாலும் இரண்டு அல்லது நாலு செக்டர், அதாவது ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகும் பயணம். பட்ஜெட் ஏர்லைன்களில் பலவும் கிளம்பிய ஊருக்கே இரவு திரும்பும்படி அட்டவணை போடும், ஹோட்டல் செலவு மிச்சம் அல்லவா. அந்தச் சிக்கனத்தில் உங்களுக்கும் லாபம், சொந்தப் படுக்கையில் தூங்கலாம். ஐரோப்பிய விதிப்படி ஒரு காலண்டர் வருடத்துக்கு 900 மணி நேரம், எந்த 28 நாளிலும் 100 மணி நேரம் உச்சவரம்பு. கோடையில் அந்த 100-ஐ நெருங்கித்தான் ஓடுவீர்கள்.

உடம்பைப் படுத்துவது பறக்கும் மணி நேரம் அல்ல, விடியற்காலை. தொடர்ந்து நாலைந்து நாள் மூன்று மணிக்கு எழுந்தால் ஐந்தாவது நாள் செக்லிஸ்டில் ஒரு வரி கண்ணில் படாமல் போகும். களைப்பாக இருந்தால் எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள விதியில் இடம் உண்டு. அதைப் பயன்படுத்திய சக ஊழியரை அந்த நிறுவனம் எப்படி நடத்தியது என்று, சேரும் முன் உள்ளே இருப்பவரிடம் விசாரியுங்கள். ரோஸ்டரின், அதாவது பணி அட்டவணையின் நகல் கிடைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: எரிபொருளை மிச்சம் பிடி என்று நெருக்குவார்களா?

மிச்சம் பிடிக்கச் சொல்வார்கள், தரையில் ஒரே என்ஜினில் ஓட்டுவது போன்றவை. அது நல்ல பழக்கம்தான். ஆனால் கூடுதலாக எவ்வளவு ஏற்றுவது என்பது கேப்டன் முடிவு. ஜெட்டுக்குக் கடைசி இருப்பு 30 நிமிட எரிபொருள். இறங்கும்போது அதற்கும் கீழே போகும் என்று தெரிந்தால் "மேடே ஃப்யூவல்" என்று வானொலியில் அவசரநிலை அறிவிக்க வேண்டும். இடியும் மழையும் இருக்கும் நாளில் நான் கூடுதலாகவே ஏற்றுவேன், யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

கேள்வி: கேப்டன் ஆக எவ்வளவு நாள்?

சட்டப்படி முழு உரிமத்துக்கு 1500 மணி நேரம். நிறுவனங்கள் அதைவிட நிறையவே கேட்கும். நிறுவனம் புது விமானங்கள் வாங்கிக்கொண்டே இருந்தால் நாலைந்து வருடத்தில்கூட வாய்ப்பு வரும், நின்றுவிட்டால் பத்து வருடம் வலது பக்கத்தில் துணை விமானியாகவே.

கேள்வி: வயது 35. வேறு துறையில் நல்ல வேலை. இப்போது வரலாமா?

வணிக விமானத்தில் 65 வயதுவரை பறக்கலாம் என்பதால் வயது தடையில்லை. வீட்டை அடமானம் வைத்துத்தான் முடியும் என்றால் வேண்டாம் சார்.

கேள்வி: லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகிறது, வேலை இல்லை. கடன் வாங்கி நானே டைப் ரேட்டிங் எடுத்துவிடட்டுமா அக்கா?

நியமனக் கடிதம் கையில் இல்லாமல் எடுக்காதே தம்பி. அந்த ரகத்தில் ஒரு மணி நேரம்கூடப் பறக்காத டைப் ரேட்டிங்கை நிறுவனங்கள் பெரிதாக மதிப்பதில்லை. பலரும் மறுபடி தங்கள் முறையிலேயே பயிற்சி கொடுப்பார்கள். ரேட்டிங்கையும் வருடாவருடம் சிமுலேட்டரில் புதுப்பிக்க வேண்டும், அதற்கும் பணம். அந்தக் காசில் பயிற்சியாளர் ரேட்டிங் எடு. சம்பளமும் வரும், மணி நேரமும் ஏறும். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை மட்டும் காலாவதியாக விடாதே. ஆள் எடுக்கத் தொடங்கினால் திடீரென்றுதான் கூப்பிடுவார்கள், அப்போது புதுப்பிக்க நேரம் இருக்காது.