பிள்ளைக்குக் கட்டில் வாங்கும் முன் மெத்தைக் கடைக்குப் போங்கள்

கேள்வி: பெரம்பூரில் அடுக்குமாடி வீடு. மகனுக்கு நான்கு வயது, மகளுக்கு ஒன்றரை. இதுவரை எல்லோரும் ஒரே அறையில் படுக்கிறோம். மகனைச் சின்ன அறைக்கு மாற்றலாம் என்று நினைக்கிறோம். அறை பத்துக்குப் பத்து. ஒரு சுவர் முழுக்க இரண்டடி ஆழத்துக்கு அலமாரி. கடையில் ஐந்தரை அடி நீளத்தில் கார் வடிவக் கட்டிலைக் காட்டி, இதுதான் குழந்தை அளவு என்கிறார்கள். வீட்டில் மர வேலை செய்த கான்ட்ராக்டர், இடத்துக்கு அளவெடுத்து, அடியில் சாமான் வைக்கும் பெட்டிக் கட்டில் செய்து தருவதாகச் சொல்கிறார். மாமியாரோ, 'ஆறுக்கு நான்கு வாங்கு, நானும் பேரனோடு படுத்துக்கொள்வேன்' என்கிறார். பின்னால் இருவருக்குமாக அடுக்குக் கட்டில் போடலாமா என்ற யோசனையும் இருக்கிறது. எந்த அளவு சரி?

பதில்: நீங்கள் கேட்ட யோசனைகளில் உங்கள் மாமியார் சொன்னதில்தான் நியாயம் இருக்கிறது. மற்றவை விற்பவர்களுக்கு வசதியானவை.

'குழந்தை அளவு' என்ற பேச்சை முதலில் விட்டுவிடுங்கள். நான்கு வயதுப் பிள்ளை ஏறக்குறைய 100 சென்டிமீட்டர் உயரம் இருப்பான். பத்து வயதில் 135-ஐத் தாண்டிவிடுவான். தலைப்பக்கமும் கால்பக்கமும் சேர்த்து ஓர் அடியாவது காலியாக இருந்தால்தான் முட்டிக்கொள்ளாமல் புரளலாம். ஐந்தரை அடி என்பது 168 சென்டிமீட்டர். கணக்குப்படி பத்து வயதோடு அந்தக் கார் கட்டிலின் ஆயுள் முடிகிறது. நடைமுறையில் அதற்கும் முன்பே முடிந்துவிடும்; எட்டு வயதுப் பையன் சிவப்புக் காருக்குள் படுக்கக் கூச்சப்படுவான். கடையில் டேப் வாங்கி அதன் வெளியளவையும் எடுத்துப் பாருங்கள். பம்பர், சக்கரம், பின்னிறக்கை எல்லாம் சேர்ந்து பெரியவர்கள் படுக்கும் ஒற்றைக் கட்டிலின் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அறையில் இடம் மிச்சமாகும் என்று நினைத்துத்தான் பெற்றோர் அதை வாங்குகிறார்கள்.

குழந்தைக்காகக் குறைக்க வேண்டியது கட்டிலின் உயரத்தை, நீளத்தை அல்ல. 

அளவை மெத்தையிலிருந்து தொடங்குங்கள். சென்னைக் கடைகளில் ஒற்றை மெத்தை 72, 75, 78 அங்குலம் என்று மூன்று நீளங்களில் கிடைக்கும். அதாவது ஆறடி, ஆறேகால் அடி, ஆறரை அடி. அகலத்தில் 30, 36 இரண்டும் ஒற்றை. அதற்கு மேல் 48. இந்த எண்களுக்குள் நின்றுவிட்டால், சில ஆண்டுகளில் மெத்தை அமுங்கிப்போனாலும் பாண்டி பஜாரிலோ புரசைவாக்கத்திலோ புதிது வாங்கிப் போட்டுவிடலாம். எண்ணை விட்டு இரண்டு அங்குலம் விலகினாலும் ஒவ்வொரு முறையும் தனியாக ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். போடிநாயக்கனூர் இலவம்பஞ்சு மெத்தை என்றால் எந்த அளவுக்கும் தைத்துத் தருவார்கள், உண்மைதான். அதை அடிக்கடி மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் வெயிலில் போட உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை தனியாகப் படுப்பான் என்றால் 75-க்கு 36 போதும். இன்னும் பல ஆண்டுகளுக்கு வரும். அப்பாவோ தாய்மாமனோ ஆறடி ஆள் என்றால் 78 எடுங்கள். 30 அங்குல அகலம் வேண்டாம். புரளும் பிள்ளைக்கு அது போதாது.

இந்த இடத்தில்தான் மாமியாரின் பேச்சு வருகிறது. நான்கு வயதுப் பிள்ளையைத் தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வருகிற வழக்கம் நம் வீடுகளில் இல்லை. பாட்டியோ அம்மாவோ பக்கத்தில் படுத்துக் கதை சொல்வார்கள், காய்ச்சல் என்றால் இரவு முழுக்க அங்கேயே இருப்பார்கள். மூன்றடி அகலத்தில் இது நடக்காது. ஒரு மாதத்தில் பிள்ளை பழைய அறைக்கே திரும்பிவிடுவான், புதுக் கட்டிலில் துணி மடித்து வைப்பீர்கள். ஆகவே பெரியவர் ஒருவர் கூடப் படுப்பது உறுதி என்றால் 75-க்கு 48 வாங்குங்கள். உங்கள் அறை தாங்கும். அலமாரி போக மிச்சம் எட்டு அடி, அதாவது 96 அங்குலம். சட்டத்தோடு சேர்த்துக் கட்டில் 51 அங்குலம் பிடிக்கும். அலமாரிக் கதவைத் திறந்து முன்னால் நிற்க 45 அங்குலம் மிஞ்சும்.

ஆனால் இதில் ஒரு சிக்கலும் உண்டு. பிள்ளைக்குக் கட்டில் தாழ்வாக இருக்க வேண்டும். மெத்தையின் மேல்மட்டம் தரையிலிருந்து 14 அங்குலத்துக்குள் இருந்தால் தானே ஏறி இறங்குவான், விழுந்தாலும் பெரிய அடி படாது. அதே கட்டிலிலிருந்து முட்டிவலி உள்ள மாமியார் எழுந்திருக்கப் படாத பாடு படுவார். அவர் முட்டிக்கு 18 அங்குலமாவது வேண்டும். நான் செய்யச் சொல்வது நடுவில் ஒன்று: மெத்தையோடு சேர்த்து 16 அல்லது 17 அங்குலம், சுவரை ஒட்டிய பக்கத்தில் பிள்ளை, வெளிப்பக்கத்தில் பாட்டி. வெளிப்பக்கம் தலைமாட்டிலிருந்து பாதி நீளத்துக்கு மட்டும் கழற்றக்கூடிய தடுப்பு, பாட்டி இல்லாத இரவுகளுக்கு. கால்பக்கப் பாதி திறந்தே இருக்கட்டும், இருவரும் அந்த வழியாக ஏறி இறங்கலாம். இன்னொன்று: 60-க்கு 90 ஒற்றை விரிப்பு இந்த அகலத்துக்கு இருபுறமும் ஆறு அங்குலம்தான் தொங்கும், ஐந்து அங்குல மெத்தைக்கு அடியில் செருக வராது. இரட்டை விரிப்பாக வாங்கி மடித்துச் செருகுங்கள்.

தடுப்பு மெத்தையின் மேல்மட்டத்திலிருந்து ஐந்து அங்குலமாவது உயர்ந்து நிற்க வேண்டும். தச்சர் நான்கு அங்குல மெத்தைக்குக் கணக்குப் போட்டுத் தடுப்பு அடித்திருப்பார். மெத்தைக் கடைக்காரர் எட்டு அங்குல ஸ்பிரிங் மெத்தையை விற்றுவிடுவார். தடுப்பு அப்படியே மெத்தைக்குள் மறைந்து, விளிம்பில் ஓர் அங்குலம் எட்டிப்பார்க்கும். அது குழந்தையைத் தடுக்காது, தட்டிவிடத்தான் செய்யும். எனவே மெத்தையின் கனத்தை முடிவு செய்த பிறகே தடுப்பு. பிள்ளைகளுக்கு நான்கு, ஐந்து அங்குலத் தென்னை நார் மெத்தையே நல்லது. சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். குழந்தை அதில் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். ஒன்றரை வயது மகளை இப்போதைக்கு இந்தக் கட்டிலில் படுக்கவைக்க வேண்டாம். கடையில் விற்கும், கட்டிலில் மாட்டும் தடுப்புகள் இரண்டு வயதுக்கு மேற்பட்ட, தானே ஏறி இறங்கத் தெரிந்த பிள்ளைகளுக்கானவை.

இனி அந்தக் கான்ட்ராக்டர். 'இடத்துக்கு அளவெடுத்துச் செய்கிறேன்' என்பது கேட்க இனிமையாக இருக்கும். அலமாரி ஓரத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவில் கச்சிதமாகப் பொருத்தி, உள்ளளவு 70-க்கு 34 என்று ஒரு கட்டிலைச் செய்துவிட்டுப் போவார். அந்த அளவில் எந்தக் கடையிலும் மெத்தை கிடையாது. பிறகு அவரே ஒரு மெத்தைக் கடையின் விலாசம் தருவார். விலை கூடுதல், மாற்றித் தரமாட்டார்கள், அவருக்குக் கமிஷன் தனியாகப் போய்ச் சேரும். பிளைவுட் கடையிலும் இதே கதைதான்: கூட வந்த ஆளின் பங்கு உங்கள் பில்லிலேயே ஏறியிருக்கும். எல்லாரும் அப்படியில்லை என்று சொல்வார்கள். கமிஷன் வாங்காதவர் எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்ளுங்கள் என்பார். உங்கள் ஆளிடம் அதைக் கேட்டுப் பாருங்கள், முகத்திலேயே தெரியும்.

பலகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிளைவுட்டில் ஐ.எஸ். 303, ஐ.எஸ். 710 என்று இந்தியத் தர முத்திரை இருக்கும். 710 தண்ணீரைத் தாங்குவது, விலை அதிகம். படுக்கையறைக் கட்டிலுக்கு 303-லேயே கொதிநீர் தாங்கும் ரகம் தாராளமாகப் போதும். கால்களை மட்டும் கட்டை மரத்தில் செய்யச் சொல்லுங்கள். ஆனால் 710-க்கு விலை போட்டுவிட்டு அதைவிட மட்டமானதை வைப்பது ஊரறிந்த வித்தை. மைக்கா ஒட்டிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரம்மனுக்கும் தெரியாது. ஆகவே பலகை வந்து இறங்கும் அன்று, அறுப்பதற்கு முன், முத்திரையைப் போனில் படம் எடுத்து வையுங்கள். படுக்கும் பலகையில் ஓர் அங்குல ஓட்டைகள் பத்துப் பன்னிரண்டு போடச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அடைத்த பலகை மீது மெத்தை வைத்தால் அடியில் பூஞ்சை பிடிக்கும்.

பெட்டிக் கட்டில் வேண்டவே வேண்டாம். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் பெட்டிக் கட்டில்களில் பெரும்பாலும் மரத்தூள் பலகைதான். தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் விளிம்பு, தினமும் வீடு துடைக்கும் தண்ணீரிலேயே ஊதிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தரைத்தள வீடுகளில் முதலில் தெருவுக்கு வந்தவை இந்தப் பெட்டிகள்தாம். நீங்கள் மாடியில் இருக்கலாம், ஆனால் வாளியும் துடைப்பானும் மாடிக்கும் வரும். தவிர, மேலே தூக்கும் மூடியில் பிள்ளையின் விரல் மாட்டும்.

அடுக்குக் கட்டிலுக்கு உங்கள் அறை ஒத்துவராது. மேல் தட்டில் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் படுக்கவைக்கக் கூடாது என்பது பல நாடுகளில் ஒப்புக்கொண்ட விதி. அந்த வயது வந்த பிறகும் மின்விசிறி இருக்கிறது. பத்தடி அறையின் நடுவில் நான்கடி விசிறி மாட்டியிருப்பார்கள். இறக்கையின் நுனியிலிருந்து சுவருக்கு மூன்றடிதான் மிச்சம். சட்டத்தோடு சேர்த்துக் கட்டிலின் அகலமே மூன்றேகால் அடி. மேல் தட்டில் எழுந்து நிற்கும் பிள்ளை கையை நீட்டினால் விசிறிதான். விசிறியை நகர்த்துங்கள், அல்லது அந்த ஆசையை விடுங்கள். எந்த விற்பனையாளரும் மேலே அண்ணாந்து பார்த்து இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-லேயே கட்டிலுக்கும் அடுக்குக் கட்டிலுக்கும் தனித்தனியாகத் தர விதிகளை வெளியிட்டுவிட்டது. கடையில் போய்க் கேளுங்கள், 'அப்படி ஒன்று இருக்கிறதா?' என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள். கட்டிலின் அட்டையில் 'சிங்கிள்' என்று மட்டும் அச்சடித்துவிட்டு எத்தனை அங்குலம் என்று எழுதாமல் விற்கிற ஊரில் விதி எங்கே கண்ணில் படப்போகிறது?

மகள் வளர்ந்த பிறகு, பெரிய கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்கும் சின்னக் கட்டிலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 17 அங்குல உயரத்தில் அதற்கு அடியில் இடம் மிகக் குறைவு; மெல்லிய மெத்தைதான் போகும். மகள் இரண்டு வயதைத் தாண்டித் தானே ஏறி இறங்கக் கற்றுக்கொண்ட பிறகு, அவளுக்கு ஆறேழு வயது ஆகும்வரை இரண்டு பிள்ளைகளும் 48 அங்குலக் கட்டிலிலேயே படுத்துக்கொள்வார்கள்.

வாங்கும்போது கட்டிலின் உள்ளளவை நீங்களே எடுங்கள். டேப்பின் கொக்கியைத் தலைமாட்டுப் பலகையின் உள்முகத்தில் அழுத்தி வைத்து, கால்மாட்டுப் பலகையின் உள்முகம் வரை இழுக்க வேண்டும். கடைக்காரர் சொல்லும் 'ஆறுக்கு மூன்று' பெரும்பாலும் வெளியளவாக இருக்கும். உள்ளே 69 அங்குலம்தான் வரும், உங்கள் மெத்தை வளைந்து நிற்கும். உள்ளளவு மெத்தையைவிட அரை அங்குலம் கூடுதலாக இருக்கட்டும், அதற்கு மேல் வேண்டாம். அந்த எண்ணை அங்குலத்தில் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் முன்பணம் கொடுக்காதீர்கள். எழுதிக் கொடுத்தாலும் முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். மீதியை, கட்டில் வீட்டுக்கு வந்து, மெத்தையை அதில் போட்டுப் பார்த்த பிறகு கொடுங்கள்.