வம்சாவளியில் ‘சாம்பியன்’ என்று இருந்தால் நம்பி இணை சேர்க்கலாமா?

ஹட்டனில் உள்ள உங்கள் ஜேர்மன் ஷெப்பர்ட் பெட்டைக்குப் பார்த்திருக்கும் ஆண் நாயின் வம்சாவளிச் சான்றிதழில் மூன்று இடத்தில் ‘சாம்பியன்’ என்று இருப்பதாகவும், அதை நம்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அந்த நாய்களின் உடலமைப்பும் நடையும் இனத் தரத்துக்குப் பொருந்துவதாக நாய்க் கண்காட்சி நடுவர்கள் ஏற்றார்கள் என்பதுதான் பட்டத்தின் பொருள். பிரிட்டனில் மூன்று வெவ்வேறு நடுவர்களிடம் சான்றிதழ் வாங்கினால்தான் சாம்பியன். லேசான காரியமில்லை. ஆனால் எந்த நடுவரும் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதில்லை.

அப்புறம், எந்தத் தலைமுறையில் பட்டம் என்று பாருங்கள். ஒரு நாயின் மரபணுவில் பாட்டனின் பங்கு சராசரியாக 25 சதவீதம், பூட்டனுடையது 12.5. பூட்டன் மட்டும் சாம்பியன் என்றால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அதே பெயர் உங்கள் பெட்டையின் பக்கமும் வந்தால் இன்னும் கவனம். இரத்த உறவுக்குள் சேர்த்தால் ஒளிந்திருந்த பரம்பரை நோய்கள் குட்டிகளில் வெளிப்பட வாய்ப்பு அதிகம்.

என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது இடுப்பைத்தான். இந்த இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருவது. நம் தோட்டப் பக்கமோ எங்கு பார்த்தாலும் படியும் ஏற்றமும். படியேறும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல்போலத் துள்ளுகிறதா, படுத்து எழும்பத் தயங்குகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். நன்றாக நடக்கிற நாய்க்கும் கோளாறு இருக்கலாம் என்பதால், இரண்டு வயதுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேயையும் கேளுங்கள். உங்கள் பெட்டைக்கும் எடுத்துவிடுங்கள். ஆண் நாயின் சொந்தக்காரர் எக்ஸ்ரேயைக் காட்ட மறுத்தால் வேறு நாய் தேடுங்கள்.