டீலர் டெமோவாக ஓட்டிய பெர்ஃபாமன்ஸ் காரை வாங்கலாமா? விலையும் வாரண்டியும்

கேள்வி: டீலர் டெமோவுக்கு வைத்திருந்த பெர்ஃபாமன்ஸ் கார் (அதிக சக்தியும் வேகமும் உள்ள வகை) ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. ஓடியது 4,000 கிலோமீட்டர்தான். புதுக் காரின் விலையைவிட 12 சதவீதம் குறைவு, வாரண்டியும் மிச்சம் இருக்கிறது என்கிறார்கள். வாங்கலாமா?

விலையைப் பேசும் முன்னால் ஒரு தேதியைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் காருக்கு வாரண்டி எந்த நாளில் தொடங்கியது? அது தெரியாத வரை 12 சதவீதம் நல்ல தள்ளுபடியா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

நீங்கள் பணம் கட்டும் நாளில் வாரண்டி தொடங்குவதில்லை. கார் முதன்முதலில் பதிவான நாளில், அல்லது டீலர் அதை டெமோ வண்டியாக எடுத்த நாளில், கம்பெனியின் பதிவேட்டில் ஒரு தேதி ஏறிவிடும். அன்றிலிருந்து கணக்கு ஓடும். 3 வருட வாரண்டி உள்ள கார் 14 மாதம் டெமோவாக இருந்திருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 22 மாதம்தான். ஓடோமீட்டர் 4,000 காட்டினாலும் 400 காட்டினாலும் இது மாறாது. வருடம், கிலோமீட்டர் இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதோடு வாரண்டி முடிகிறது. குறைவாக ஓடிய காரில் முதலில் முடிவது வருடம்தான்.

இந்தத் தேதியை விற்பனையாளர் வாய்மொழியாகச் சொல்வது போதாது. நண்பர் ஒருவருக்காக இப்படியொரு காரைப் பார்க்கப் போயிருந்தேன். "முழு வாரண்டியும் அப்படியே இருக்கு சார்" என்றார்கள். சேஸிஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு நேரடியாகப் பேசினோம். ஒரு வருடத்துக்கு மேல் ஏற்கெனவே கழிந்திருந்தது. அதைச் சொன்ன பிறகு விலை தானாக இறங்கியது. நீங்களும் சேஸிஸ் நம்பரை வாங்கி, கம்பெனியிடமே கேளுங்கள்.

அடுத்து, அந்த வாரண்டி யாருடையது என்று பாருங்கள். கார் கம்பெனியின் மிச்ச வாரண்டி ஒரு வகை. கம்பெனியே சோதித்துச் சான்று கொடுத்து நீட்டிக்கும் வாரண்டி இன்னொன்று. டீலர் தன் பொறுப்பில் தருவதும், வெளி நிறுவனம் விற்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டியும் வேறு. முதல் இரண்டுக்கும் பொதுவாக அந்தக் கம்பெனியின் எந்த சர்வீஸ் சென்டருக்கும் போகலாம். கடைசி இரண்டில் எந்தப் பாகத்துக்கு எவ்வளவு வரை தருவார்கள், எங்கே காட்ட வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் வரி வரியாகப் படிக்க வேண்டும். அப்புறம், டயர், பிரேக் பேட், கிளட்ச் தட்டு போன்ற தேய்மானப் பாகங்கள் பெரும்பாலும் எந்த வாரண்டியிலும் வராது. பெர்ஃபாமன்ஸ் காரில் விலை உயர்ந்தவையும் சீக்கிரம் தேய்பவையும் இவைதான்.

சாதாரணக் காராக இருந்தால் இதோடு நிறுத்தியிருப்பேன். பெர்ஃபாமன்ஸ் கார் என்பதால் அந்த 4,000 கிலோமீட்டரும் எப்படி ஓடியது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

புது இன்ஜினுக்கு ரன்னிங்-இன் என்று ஒரு காலம் உண்டு, பாகங்கள் ஒன்றோடொன்று பழகும் வரை நிதானமாக ஓட்ட வேண்டிய காலம். பிஎம்டபிள்யூ எம் கார்களில் முதல் 2,000 கிலோமீட்டர் வரை 5,500 ஆர்பிஎம்மையும் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) 170 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டக் கூடாது என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறார்கள். அது முடிந்ததும் இன்ஜின் ஆயிலையும், சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலின் ஆயிலையும் மாற்றும் தனி சர்வீஸ் உண்டு. போர்ஷே முதல் 3,000 கிலோமீட்டருக்கு நிதானம் கேட்கிறது. டெமோ வண்டியில் இதை யார் பார்த்தார்கள்? டெஸ்ட் டிரைவுக்கு வருபவர் இன்ஜின் சூடேறும் வரை காத்திருப்பது அபூர்வம். ஏறியதும் மிதிப்பார், அதற்காகத்தானே வந்தார்! எல்லா டெமோ காரும் கெட்டுப்போனது என்று நான் சொல்லவில்லை, நன்றாகப் பராமரிக்கும் டீலர்களும் இருக்கிறார்கள். ஆனால் ரன்னிங்-இன் சர்வீஸ் உள்ள காருக்கு, அது எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில் நடந்தது என்ற பதிவு இல்லாமல் நான் பேரம் பேசவே உட்கார மாட்டேன்.

டிராக்கில், அதாவது பந்தயத் தடத்தில், ஓட்டியிருந்தால் வாரண்டிக்கே ஆபத்து. பந்தயத்தில் ஓட்டியதால் வந்த பழுதைப் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்பதில்லை. ஆஸ்திரேலியாவில் ஹூண்டாய் தன் 'என்' வரிசைக் கார்களுக்கு, போட்டியில்லாமல் நேரம் கணக்கிடாமல் டிராக்கில் ஓட்டுவதை வாரண்டிக்குள் வைத்திருக்கிறது. இது விதிவிலக்கு. ஈசியூ டியூனிங், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது, செய்திருந்தாலும் இதே சிக்கல்தான். ஃபோக்ஸ்வேகன், ஆடி கார்களில் மென்பொருள் மாற்றப்பட்டது தெரிந்தால் 'டிடி1' என்ற குறியீடு கம்பெனிப் பதிவில் ஏறும். பிறகு பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டாலும் இன்ஜின் வாரண்டி கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். போர்ஷேயில் இன்ஜின் எல்லை மீறிச் சுற்றியதன் பதிவைக் கணினியிலிருந்து எடுத்துத் தருவார்கள். மேனுவல் கியர் காரில் தவறான கியரைப் போட்டாலே இப்படி நடக்கலாம் என்பதால் கட்டாயம் கேளுங்கள்.

காரை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். சக்கர வளைவின் உள்பக்கம் உருகி ஒட்டிய ரப்பர்த் துணுக்குகள், பிரேக் டிஸ்க்கின் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல், டிஸ்க்கில் நீலம் பாய்ந்த நிறம், இவையெல்லாம் கடுமையாக ஓட்டியதன் அடையாளம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 1523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரம் தயாரானது. 4,000 கிலோமீட்டர் ஓடிய காரில் காரைவிடப் புதிய டயர் இருந்தால், பழைய டயர் என்ன ஆனது என்று கேளுங்கள். பிரேக் ஆயிலும் இன்ஜின் ஆயிலும் கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் காலத்தால் மாற்ற வேண்டியவை, அந்தப் பதிவையும் பாருங்கள்.

சரி, விலைக்கு வருவோம். பட்டியல் விலையோடு ஒப்பிடாதீர்கள். அதே காரை இன்று புதிதாகக் கேட்டால் எவ்வளவுக்குக் கொடுப்பார்கள் என்று வேறு ஷோரூமில் விசாரியுங்கள். பட்டியல் விலை 100 என்று வைத்து, புதுக் காருக்கே 4 குறைக்கிறார்கள் என்றால், உங்கள் 88-க்கும் அந்த 96-க்கும் வித்தியாசம் 8 தான். கழிந்துபோன வாரண்டி மாதங்களைத் திரும்ப வாங்க எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கு ஆகும் செலவு, சீக்கிரம் மாற்ற வேண்டிய டயர் செட், இரண்டையும் இந்த 8-லிருந்து கழியுங்கள். கார் டீலர் பெயரில் பதிவாகியிருந்தால் நீங்கள் இரண்டாவது உரிமையாளர், விற்கும்போது அதற்கும் விலை குறையும். கூடுதல் ஆப்ஷன்களைக் காட்டி விலையை ஏற்றினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவற்றுக்குக் கொடுத்த பணம் ரீசேலில் முழுதாகத் திரும்பி வராது.

என் கருத்தில், வாரண்டியில் சில மாதங்கள்தான் போயிருக்கின்றன, ரன்னிங்-இன் பதிவும் சரியாக இருக்கிறது என்றால் 12 சதவீதம் நியாயமான விலை. ஒரு வருடத்துக்கு மேல் போயிருந்தால் இன்னும் குறையக் கேளுங்கள், இல்லையென்றால் புதுக் காரையே பதிவு செய்யுங்கள். புதிதாக வாங்க நீண்ட காத்திருப்பு உள்ள மாடல் என்றால் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

பேரம் முடிந்ததும் ஓடோமீட்டர் அளவு, வாரண்டி முடியும் தேதி, டிராக்கில் ஓட்டவில்லை என்ற உறுதி, மென்பொருள் மாற்றம் இல்லை என்ற உறுதி, நான்கையும் விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். முன்பணம் அதற்குப் பிறகு கட்டினால் போதும்.