சாண்ட்விச் யாருடையது?

கேள்வி: சீட்டாட்டத்தைப் பாதியில் விட மனமில்லாத ஓர் ஆங்கிலப் பிரபு கண்டுபிடித்ததுதான் சாண்ட்விச் என்று என் மகன் பள்ளியில் கேட்டுவிட்டு வந்து சொல்கிறான். நிஜமா? அது உலகம் முழுக்கப் போனது எப்படி?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பெயர் அந்தப் பிரபுவால் வந்தது, அதில் சந்தேகமில்லை. நான்காம் சாண்ட்விச் பிரபு ஜான் மாண்டேகு, இங்கிலாந்தின் கடற்படை அமைச்சராக இருந்தவர். சூதாட்டக் கதையை எழுதிவைத்தவர் க்ரோஸ்லே என்ற பிரெஞ்சுப் பயணி. 1765-இல் லண்டன் போன அவர், ஓர் அமைச்சர் 24 மணி நேரம் ஆட்ட மேசையை விட்டு எழாமல், வாட்டிய ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே மாட்டிறைச்சி வைத்துத் தின்றார் என்கிறார். ஆனால் அதற்கு முன்பே, 1762 நவம்பரில், வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன் தன் நாட்குறிப்பில், லண்டன் கிளப் ஒன்றில் பெரிய மனிதர்கள் சாண்ட்விச் சாப்பிட்டதைச் சர்வசாதாரணமாகக் குறித்திருக்கிறார். மாண்டேகு அலுவலக வேலைக்கு நடுவே அப்படிச் சாப்பிட்டிருப்பார் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எனக்கும் அதுதான் நம்பும்படி இருக்கிறது.

ரொட்டியில் எதையாவது வைத்துத் தின்பதோ மிகப் பழைய வழக்கம். பாஸ்கா விருந்தில் புளிப்பில்லாத ரொட்டியோடு கசப்புக் கீரையைச் சேர்த்து உண்பதை, சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஹில்லேல் என்ற ஞானி தொடங்கிவைத்ததாக யூதர்கள் சொல்கிறார்கள்.

அது உலகெங்கும் பரவியதில் பிரபுவுக்குப் பங்கில்லை. கோதுமை ரொட்டி போய்ச் சேர்ந்த இடத்திலெல்லாம் அந்தந்த ஊர்க்காரர்கள் தங்கள் நாக்குக்குப் பிடித்ததை உள்ளே வைத்தார்கள். நான் மனதாரக் கொண்டாடுவது வியட்நாமின் சாண்ட்விச்சான பான் மீயை. கோதுமை விளையாத அந்த நாட்டுக்கு நீள ரொட்டியைக் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். ரொட்டி தனி, இறைச்சி தனி என்று தட்டில் வைத்துச் சாப்பிடுவது அவர்கள் பழக்கம். 1954-இல் நாடு பிரிந்ததும் வடக்கிலிருந்து லட்சக்கணக்கானோர் தெற்கே போனார்கள். அப்படி சைகோனுக்கு வந்த ஒரு தம்பதியின் ஹோவா மா கடை 1958-இல் எல்லாவற்றையும் ரொட்டிக்குள்ளேயே அடைத்து விற்றது. வேலைக்கும் பள்ளிக்கும் ஓடுகிறவர்களுக்கு அது வசதியாகிவிட்டது.

அந்த ஊர்ச் சாலையோர வண்டிகளில் செய்வதை நின்று பார்க்க வேண்டும். ரொட்டியை ஒரு பக்கம் கீறி, ஈரல் விழுதைத் தடவி, பன்றி இறைச்சியை அடுக்கி, வினிகரும் சர்க்கரையும் போட்டு ஊறவைத்த கேரட், முள்ளங்கி, அப்புறம் வெள்ளரிக்காய், மல்லித்தழை, பச்சை மிளகாய் வைத்து, தாளில் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுப்பார்கள். கடித்தால் மேலோடு நொறுங்கிச் சட்டையெல்லாம் உதிரும். வியட்நாம் போர் முடிந்த 1975-க்குப் பிறகு அகதிகளோடு அது கலிஃபோர்னியாவுக்கும் சிட்னிக்கும் போனது.

மும்பையில் பச்சைச் சட்னியும் உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் உள்ளே போயின. 1860 முதல் தோட்டக்கூலிகளாகப் போன நம்மவர்கள் வாழும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், பாதி ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பை ஊற்றுகிறார்கள். பன்னி சவ் என்று பெயர். அதைக் கையால்தான் சாப்பிட வேண்டும்.

கேள்வி: காலையில் கட்டிக்கொடுக்கும் சாண்ட்விச் மதியத்துக்குள் சொதசொதவென்று ஆகிவிடுகிறதே?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: வெண்ணெயை ஓரம்வரை தடவுங்கள், ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் அது தடுக்கும். அப்பாவின் பேக்கரியில் நான் கற்ற முதல் பாடம் இது. வெள்ளரிக்கும் தக்காளிக்கும் உப்பு பட்டதும் தண்ணீர் விடும். அதனால் துணியால் ஒற்றி எடுத்து அடுக்குங்கள். உப்பைத் தனியாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுங்கள், சாப்பிடும்போது தூவிக்கொள்ளட்டும்.