நட்சத்திரம் போட்ட சொல்

கேள்வி: ஜெர்மன், ஆங்கிலம் போன்ற மொழிகளுக்கெல்லாம் தாயான ஆதி ஜெர்மானிய மொழியில் 'அர்மஸ்' என்று ஒரு பெயரடை இருந்ததாம், 'ஏழை' என்று பொருளாம். எந்த ஏட்டிலும் இல்லை, மூலமும் நிச்சயமில்லை என்கிறார்கள். பின்லாந்து மொழியில் 'அர்மஸ்' என்றால் 'அன்புக்குரிய'. அது நம் 'அருமை'தானே? இவர்களுடைய ஊகத்தை ஏன் நம்ப வேண்டும்?

பதில்: ஊகமா? ஏட்டில் இல்லை என்பதால்தான் அந்தச் சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி போடுகிறார்கள். 'இது கண்ணால் கண்டதல்ல, கணக்குப் போட்டு எடுத்தது' என்று அச்சிலேயே ஒப்புக்கொள்கிறார்கள். இந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கணக்கும் லேசுப்பட்டதல்ல. அந்தக் குடும்பத்தின் மறைந்துபோன மொழியான காத்திக்கில் 'அர்ம்ஸ்', ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸில் 'அர்மர்', ஜெர்மனில் 'அர்ம்'. எல்லாவற்றிலும் 'அர்மஸ்' சொல்லின் கடைசி உயிரெழுத்து ('ம'வில் இருக்கும் 'அ') தேய்ந்துவிட்டது. பின்லாந்துக்காரர்கள் வெகு காலம் முன்பே இந்தச் சொல்லைக் கடன் வாங்கினார்கள், வாங்கியபடியே வைத்திருக்கிறார்கள். அரசனைக் குறிக்கும் 'குனிங்கஸ்' சொல்லும் அப்படித்தான். சொந்தக்காரர்கள் தொலைத்த விகுதி கடன் வாங்கியவர் வீட்டில் பத்திரமாக இருக்கிறது! அறிஞர்கள் போட்ட கணக்குக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

அருமைக்கு வருவோம். 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற பிஷப் மொழிபெயர்த்த காத்திக் பைபிளில், கொரிந்தியர் முதல் நிருபத்தில், 'மிகவும் பரிதாபத்துக்குரியவர்கள்' என்ற இடத்தில் இந்தச் சொல் வருகிறது. பழைய பொருள் பரிதாபம். அன்பு பின்னால் ஒட்டிக்கொண்டது, ஆகவே நம் 'அருமை'யோடு உறவில்லை. ஒலி ஒத்துப்போனால் உறவு என்பவர்களோடு இந்தப் பக்கத்தில் பல வருடமாக மல்லுக்கட்டுகிறேன். இனியும் விடுவதாக இல்லை.

சரி, மூலம்? அநாதையைக் குறிக்கும் கிரேக்க 'ஓர்ஃபனோஸ்', லத்தீன் 'ஓர்பஸ்' ஆகியவற்றின் வேர்தான் இதற்கும் என்பது ஒரு கட்சி. பெற்றோரை இழந்தவன் ஏழை, பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் நடுவில் இருந்திருக்க வேண்டிய 'ப' எழுத்து விழுந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால்தான் கணக்கு நேராகும். இன்றைய துருக்கிப் பகுதியில் பேசப்பட்ட பழைய ஹிட்டைட் மொழியில் நோயைக் குறிக்கும் சொல்லோடு முடிச்சுப் போட்டவர்களும் உண்டு. தீர்ப்பு வரவில்லை. அதனால் நல்ல அகராதிகள் 'மூலம் உறுதியில்லை' என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. நம் சொற்பிறப்பு நூல்களில் இந்த இரண்டு சொற்களையும் அடிக்கடி பார்க்க ஆசைப்படுகிறேன்.

அப்புறம், பழைய ஆங்கிலத்திலும் இது 'எயர்ம்' என்று இருந்தது. பேவுல்ஃப் காவியம் கிரெண்டல் அரக்கனையே 'பரிதாபப் பிறவி' என்று இந்தச் சொல்லை வைத்துத்தான் சொல்கிறது. பிறகு பிரெஞ்சிலிருந்து 'புவர்' வந்து உட்கார்ந்தது, 'எயர்ம்' வழக்கொழிந்தது.