கேம் விளையாடினால் முகத்தில் பரு வருமா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் வசிக்கிறோம். கல்லூரியில் படிக்கும் என் மகனுக்கு 19 வயது. தினமும் இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் கேம் விளையாடுகிறான். நான்கைந்து மாதங்களாகக் கன்னத்திலும் காதோரத்திலும் பருக்கள் வருகின்றன. பின்கழுத்து அழுக்குப் படிந்ததுபோல் கறுத்திருக்கிறது. பீர்க்கங்காய் நாரால் தேய்த்தும் போகவில்லை. மருந்துக் கடையில் கொடுத்த கிரீமைப் பூசினால் பரு அடங்குகிறது, நிறுத்தினால் மறுபடி வருகிறது. எல்லாவற்றுக்கும் கேம்தான் காரணமா?

பதில்: பருவுக்கு மூலகாரணம் கேம் அல்ல. பதின்ம வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்களின் தூண்டுதலால் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் பெருத்து, மயிர்க்கால்கள் அடைபட்டு, அவற்றில் கிருமி பெருகுவதால் பரு உண்டாகிறது. கம்ப்யூட்டர் பக்கமே போகாத பிள்ளைகளுக்கும் அது வரும். திரையின் நீல ஒளி தோலைக் கெடுத்துவிடும் என்று சொல்லி அதற்கென்றே கிரீம் விற்கிறார்கள். பகல் வெயிலில் கிடைக்கும் நீல ஒளியோடு ஒப்பிட்டால் திரையிலிருந்து வருவது மிகச் சொற்பம் என்பதால், அந்தச் செலவு வேண்டாம்.

ஆனால் பரு எந்த இடத்தில் வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். உங்கள் மகனை ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் உட்காரச் சொல்லி, காது மெத்தையின் விளிம்பு கன்னத்தில் எங்கே படுகிறது என்று கவனியுங்கள். பருக்கள் அந்த வளைவை ஒட்டியே வரிசைகட்டி நின்றால், அழுத்தமும் உரசலும் வியர்வையும் சேர்ந்து ஏற்கெனவே இருந்த பருவைக் கிளறிவிடுகின்றன என்று பொருள். ஹெல்மெட் நாடா படும் தாடையிலும், கொரோனா காலத்தில் முகக்கவசம் மறைத்த இடத்திலும் வந்த பருக்கள் இதே வகைதான். சித்திரை மாதத்தில் நள்ளிரவிலும் சுவர் அனலடிக்கும் சேலத்து வீட்டில், ரெக்சின் மெத்தை நான்கு மணி நேரம் கன்னத்தை அழுத்திக்கொண்டிருந்தால் தோல் என்ன செய்யும்? ஒவ்வொரு நாளும் விளையாடி முடித்ததும் மெத்தையை ஈரத்துணியால் துடைத்து உலரவிட வேண்டும். துவைத்துப் போடக்கூடிய பருத்தி உறை கிடைத்தால் நல்லது. மணிக்கு ஒருமுறை கழற்றி வைக்கட்டும்.

கேமர்களின் தோலில் வேறு அடையாளங்களும் உண்டு. ஜெனீவாவில் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் உள்ளங்கைகளில் வலியுடன் சிவந்த கட்டிகள் வந்ததையும், விளையாட்டுக் கருவியின் பிடியை இறுக்கிப் பிடித்ததே காரணம் என்றும், பத்து நாள் விளையாடாமல் இருந்ததும் அவை மறைந்தன என்றும் 2009-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். ஏற்காட்டுக் குளிரில் போர்வைக்குள் லேப்டாப்பைத் தொடைமீது வைத்து மணிக்கணக்கில் விளையாடிய மாணவர் ஒருவர், தொடையில் வலைபோலப் படர்ந்த பழுப்பு நிறத்தைப் படர்தாமரை என்று நினைத்து என்னிடம் வந்தார். அது தொடர்ந்து பட்ட சூட்டினால் வந்த நிறமாற்றம். மேசைக்கு மாறியபின் மெல்ல மங்கியது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பருவைவிடக் கழுத்துக் கருமைதான். அது பெரும்பாலும் அழுக்கு அல்ல. தேய்த்தால் தோல் இன்னும் தடித்துக் கறுக்கும். வெல்வெட் துணிபோல் தடிப்பாக, அக்குளிலும் இருந்தால், உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். நாள் முழுதும் உட்கார்ந்திருப்பதும், எடை கூடுவதும், நடுஇரவில் சிப்ஸும் குளிர்பானமும் உள்ளே போவதும் இதற்கு வழிவிடும். சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவு சிலருக்குப் பருவையும் கூட்டும். (மாலையில் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டதற்காக யாருக்கும் பரு வந்துவிடாது, அதைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.) எடை, இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள், குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம்.

இனி அந்தக் கிரீம். பூசினால் அடங்கி நிறுத்தினால் திரும்புகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று சந்தேகிக்கிறேன். டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகிய பெயர்களில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இவை சிவப்பைச் சட்டென்று அமர்த்தும்; மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தெரிந்து, ஸ்டீராய்டாலேயே புதுப் பருவும் வரும். நிறுத்தும்போது சில வாரங்கள் முகம் சிவந்து எரியக்கூடும் என்பதால் மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்துவதே சரி. அதன்பின் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு அல்லது 0.1 சதவீத அடாபலீன் இரவில் மெல்லியதாகப் பூசச் சொல்வார்கள். பலன் தெரிய 8 முதல் 12 வாரமாகும். ஒரே வாரத்தில் கைவிடுபவர்களே அதிகம். பென்சாயில் பெராக்சைடு பட்டால் தலையணை உறை வெளுத்துப்போகும், பழைய உறையைப் போடுங்கள்.

கேமை அடியோடு நிறுத்தச் சொல்லிச் சண்டையிடத் தோல் மருத்துவத்தில் காரணம் இல்லை. தூக்கமும் படிப்பும் கெட்டும் அவனால் நிறுத்த முடியவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் பேச வேண்டும். அது வேறு விஷயம். தோல் மருத்துவரிடம் போகும் நாளில், அந்தக் கிரீம் டியூபையும் ஹெட்செட்டையும் கையோடு எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.